உங்கள் நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

(திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில், மே மாதக் கடைசி வாரத்தில், வான்நோக்கும் நிகழ்ச்சிக்கு முன்பாக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினால் அர்ச்சகர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், ராசி கேட்பார். யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை. வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும் அம்மா ஒரே மூச்சில் ஒப்பிப்பார். இந்தக் கூடத்தில் தன் நட்சத்திரம் தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. சரி, அந்த நட்சத்திரத்தை வானத்தில் கண்ணால் பார்த்தவர்கள் தூக்குங்கள். மூன்று கை தெரிகிறது. அதில் ஒன்று அறிவியல் வாத்தியாருடையது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நான் இங்கே ஜாதகத்துக்கு ஆதரவாகப் பேசவும் வரவில்லை, எதிர்த்துச் சண்டை போடவும் வரவில்லை. என் எண்ணம் ஒன்றுதான். வானத்தைப் படிக்க நினைக்கிற தமிழருக்கு இருபத்தேழு பெயர்கள் ஏற்கெனவே மனப்பாடம். வேறு நாட்டுக்காரர் கிரேக்கப் பெயர், அரபிப் பெயர் என்று முதலில் இருந்து உருப்போட வேண்டும். நமக்குப் பெயரெல்லாம் தெரியும், ஆளைத்தான் தெரியாது. இன்று இரவு ஆளைக் காட்டுகிறேன். இருபத்தேழில் பதின்மூன்று இப்போது தலைக்கு மேலே இருக்கின்றன.

இந்த இருபத்தேழு எப்படி வந்தது? நிலா வானத்தில் ஓர் இடத்தில் புறப்பட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்துக்கு வர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகிறது. ஆக ஒரு நாளைக்கு ஓர் இடம். அந்தத் தங்கும் இடங்கள்தான் நட்சத்திரங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் பத்துப் பாகை. நிலா ஒரு நாளைக்குப் பதின்மூன்று பாகை நகர்கிறது. ஒரு முஷ்டியும் ஏறக்குறைய இரண்டு விரல் அகலமும். இன்று ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிலாவைப் பார்த்து வைத்துக்கொண்டு நாளை இதே நேரத்துக்கு வந்து பாருங்கள், முஷ்டிக்கு மேல் கிழக்கே போயிருக்கும். உங்கள் நட்சத்திரம் விசாகம் என்றால், நீங்கள் பிறந்தபோது நிலா விசாகத்தின் பங்கில் இருந்தது என்பதுதான் பொருள். அதற்கு மேல் சொல்வதெல்லாம் வேறு ஆட்களின் வேலை.

நம் திருவிழாக்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் எல்லாம் பௌர்ணமியை ஒட்டியே வரும். முழு நிலா மாசியில் மகத்துக்குப் பக்கத்தில் நிற்கும், பங்குனியில் உத்திரத்துக்குப் பக்கத்தில், வைகாசியில் விசாகத்துக்குப் பக்கத்தில். அச்சடித்த காலண்டர் இல்லாத காலத்தில் மாதத்தை வானத்தில் பார்த்துச் சொன்னவர்களின் ஏற்பாடு அது. இன்றும் திருச்செந்தூர் விசாகத்துக்கு லட்சக்கணக்கில் கூடுகிறோம். கடற்கரையில் நின்றுகொண்டே விசாகத்தை ஏறெடுத்துப் பார்க்காமல் பஸ் ஏறி வந்துவிடுகிறோம். முழு நிலா வெளிச்சத்தில் விசாகத்தின் விண்மீன்கள் மங்கித்தான் போகும். இருந்தாலும் நிலா நிற்கிற இடம் அதுதான் என்று பிள்ளைக்குக் கைகாட்டலாமே.

இனி, ஏன் மே மாதக் கடைசியில் உங்களை அழைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வருகிற வான்நோக்கும் புத்தகங்களில் 'கோடைக் கடைசி' என்றால் ஆகஸ்ட். கோடை முக்கோணத்தைப் பார், உச்சியில் நிற்கும் என்று எழுதியிருக்கும். அபிஜித், திருவோணம், அன்னப்பறவையின் வால் மீன் ஆகிய மூன்றும் சேர்ந்தது அந்த முக்கோணம். அழகான முக்கோணம்தான். ஆனால் ஆகஸ்டில் நமக்கு ஏது கோடை? குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் மேகம் பாதி வானத்தை எடுத்துக்கொள்கிறது. நம் கோடையின் கடைசி கத்திரி வெயில்தான். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஏறிய நம் பையன்கள் பலர் ஒன்றும் பொருந்தவில்லை என்று இறங்கிப் போயிருக்கிறார்கள். பையன்கள்மேல் குற்றமில்லை. புத்தகம் லண்டன் வானத்துக்கு எழுதியது. அந்த முக்கோணமும் வேண்டும் என்கிறவர்கள் பத்தரை மணி வரை விழித்திருங்கள், கிழக்கில் முழுதாக ஏறிவிடும்.

கத்திரியைச் சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அந்த நாள்களை அக்னி நட்சத்திரம் என்கிறோம். அந்த நட்சத்திரம் கார்த்திகை. இந்த நாள்களில் சூரியன் கார்த்திகை இருக்கும் பகுதியைக் கடக்கிறான். மே 20ஐ ஒட்டி, கார்த்திகையான அறுமீன் கூட்டம் அநேகமாகச் சூரியனுக்குப் பின்புறமே இருக்கும். ஆகவே அக்னி நட்சத்திரம் நடக்கும்போது அக்னி நட்சத்திரத்தை யாரும் பார்க்க முடியாது. ஜூன் பாதிக்கு மேல் விடியற்காலையில் கிழக்கே தலைகாட்டும். பால் கறக்க எழுந்திருக்கிறவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

இப்போது மாடிக்குப் போனதும் எங்கே தொடங்குவது? வடக்கே பார்த்து நில்லுங்கள். அரை வானத்துக்குச் சற்றுக் கீழே ஏழு மீன்கள், கவிழ்த்துப் பிடித்த அகப்பை மாதிரி. நாலு மீன் அகப்பையின் குழி, மூன்று மீன் காம்பு. அதுதான் சப்தரிஷி மண்டலம். குழியின் இடது ஓரத்து இரண்டு மீன்களைக் கோடு போட்டுக் கீழே இழுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஐந்து மடங்கு இறங்கினால் துருவ நட்சத்திரம். அது வானத்திலேயே பிரகாசமான மீன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, சாதாரண மீன்தான். பிரகாச வரிசையில் நாற்பதைத் தாண்டி நிற்கிறது. அதுவும் நமக்கு மிகத் தாழ்வு. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் துருவம் நிற்கும். திருநெல்வேலிக்கு ஒன்பது பாகை கூட இல்லை, முஷ்டி அகலத்துக்குக் குறைவு. தூசியும் தென்னை மரமும் சேர்ந்து மறைத்துவிடும். தெரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், இன்று நமக்கு அது தேவையும் இல்லை.

காம்பின் நடு மீனைக் கூர்ந்து பாருங்கள். ஒட்டினாற்போல் ஒரு சின்ன மீன் தெரிகிறதா? பெரியது வசிஷ்டர், சின்னது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்ததும் மணமகன் மணமகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்ப் பட்டப்பகலில் வானத்தைக் காட்டுகிறாரே, அந்த அருந்ததிதான். காலை முகூர்த்தத்தில் அவர் காட்டுவதும் பொய், இவர் பார்த்தேன் என்பதும் பொய். இல்லறம் அங்கேயே தொடங்கிவிடுகிறது! இங்கே வந்திருக்கிற தம்பதிகள் இன்றைக்காவது நிஜமாகப் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி நிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. நல்ல கண் உள்ளவர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே பிரியும். அவை நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. சின்னத் தொலைநோக்கி வைத்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார்.

காம்பு நேராக இல்லை, வளைந்திருக்கிறது. அந்த வளைவின் போக்கிலேயே கண்ணை வலப்பக்கமாக மேலே ஓட்டிக்கொண்டு போங்கள். கிழக்கு உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் மறிக்கும். நிறுத்துங்கள். அது சுவாதி. இந்த நேரத்து வட வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. அதே வளைவை இன்னும் தெற்கே நீட்டினால் நீலம் கலந்த வெள்ளையில் ஒன்று, சித்திரை. இன்னும் கொஞ்சம் போனால் கோணலான நாற்கரமாக நாலு மீன், அது அஸ்தம். ஒரே வளைவில் மூன்று நட்சத்திரக்காரர்களுக்கு வேலை முடிந்தது.

சுவாதியிடமும் சித்திரையிடமும் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நிற வேறுபாடு தெரியும். பட்டறையில் இரும்பு காய்வதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: குறைந்த சூட்டில் செம்மை, சூடு ஏற ஏற வெண்மை. சுவாதியின் மேற்பரப்பு நம் சூரியனைவிடக் குளிர்ந்தது, நாலாயிரத்துச் சொச்சம் பாகைதான். சித்திரை இருபதாயிரத்துக்கும் மேலே. சித்திரை ஒற்றை மீனும் இல்லை. இரண்டு நட்சத்திரங்கள் நாலே நாளில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் நமக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஒளியைப் பிரித்து ஆராய்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

சுவாதியைப் பற்றி ஒரு கதை. சிகாகோவில் 1893இல் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. மறுபடியும் 1933இல் இன்னொன்று. சுவாதியின் தூரம் 40 ஒளியாண்டு என்று அப்போது கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி இந்தக் கண்காட்சிக்கு வந்து சேரும், அதை வைத்தே விளக்கேற்றலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வான்நோக்கு நிலையங்களில் தொலைநோக்கி வழியாகச் சுவாதியின் ஒளியை ஒளிமின்கலத்தில் விழவைத்து, அதில் பிறந்த மின்சாரத்தைப் பெருக்கி, கண்காட்சி விளக்குகளைப் போட்டார்கள். பிறகு தூரத்தைத் துல்லியமாக அளந்தபோது 37 ஒளியாண்டுதான் என்று தெரிந்தது. வந்த ஒளி மூன்று ஆண்டு பிந்திப் புறப்பட்டது! இருந்தாலும் அதைவிட அருமையான திறப்பு விழாவை நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே 37 வயதுக்காரர் யாராவது இருந்தால், நீங்கள் பிறந்த ஆண்டில் கிளம்பிய ஒளிதான் இன்று உங்கள் கண்ணில் விழப்போகிறது. 79 வயதுத் தாத்தா யாரும் இருந்தால் அவருக்கு மகம்.

மகம் மேற்கே, உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவில் இருக்கும். சிம்மத்தின் மார்பு அது. அதிலிருந்து கிழக்கே வந்தால் சிம்மத்தின் பின்புறம் பூரம், வால் நுனி உத்திரம். உத்திரம் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே. பாயில் மல்லாந்து படுத்தால் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும். மகத்துக்கும் மேற்கே ஆயில்யமும் பூசமும் மங்கலான கூட்டங்கள், ஊர் விளக்கு வெளிச்சத்தில் சிரமம்தான். வடமேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும் இரட்டை மீன் புனர்பூசம். அதை முதலில் பார்த்துவிடுங்கள், பத்து மணிக்குள் போய்விடும்.

உத்திரத்தைக் காட்டும்போதெல்லாம் நான் ஒரு பழம்பாட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. புறநானூற்றின் 229ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதம், நள்ளிரவு, ஓர் எரிமீன் விழுகிறது. அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார்கள். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். எரிமீனுக்கும் மரணத்துக்கும் முடிச்சுப் போட்டது அந்தக் காலத்து நம்பிக்கை, அதை விட்டுவிடலாம். அந்த இரவின் நேரத்தைப் புலவர் குறித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். உரைகாரர்கள் விளக்குகிறபடி, உச்சியில் இருந்த உத்திரம் சாயத் தொடங்குகிறது, எதிரே கிழக்கில் மூலம் எழுகிறது, மேற்கே மிருகசீரிடம் மறையப் போகிறது. உத்திரத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் மூலம் எட்டாவது. பின்னோக்கி எண்ணினால் மிருகசீரிடமும் எட்டாவது. இருபத்தேழில் ஏழு இடம் தள்ளினால் கால் வட்டம். ஒன்று தலைக்கு மேலே என்றால் மற்ற இரண்டும் இரண்டு அடிவானத்திலும் இருந்தே ஆக வேண்டும். பங்குனி நள்ளிரவில் அப்படித்தான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். இன்று எட்டு மணி வானமும் ஏறக்குறைய அதே வானம்தான். உத்திரம் உச்சியில் இருக்கும், தென்கிழக்கில் மூலம் தலைதூக்கும். மிருகசீரிடம் மட்டும் அந்தி வெளிச்சம் அடங்கும் நேரத்தில் அடிவானத்தோடு போயிருக்கும். புலவர் கற்பனையில் எழுதவில்லை. வெளியே நின்று பார்த்து எழுதியிருக்கிறார்.

இனித் தெற்கே திரும்புங்கள். லண்டன்காரரும் நியூயார்க்காரரும் பொறாமைப்பட வேண்டிய வானம் இது. அடிவானத்துக்கு மேலே இரண்டரை முஷ்டி உயரத்துக்குள் நாலு மீன்கள், சற்றே சாய்ந்த சிலுவை வடிவில். இதைத் திரிசங்கு என்பார்கள். டெல்லியில் இதன் அடி மீன் அடிவானத்துக்கு மேலேயே வருவதில்லை. நமக்கு அது பதினெட்டுப் பாகை உயரம் ஏறும், இன்று இரவு எட்டே முக்கால் வாக்கில். வட வானமும் தென் வானமும் சேர்ந்து கிடைக்கும் இந்த அனுகூலத்தை எண்ணித்தான் வானியலாளர் வேணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986 முதல் அவர் பெயரில் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது.

சிலுவைக்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான மீன்கள். அதில் இடதுகோடி மீன் ஆல்பா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான், 4.3 ஒளியாண்டு. புதுச்சேரியில் 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் இந்த மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். உலகத்திலேயே முதலில் அதைக் கண்டது நம் கடற்கரையில் இருந்துதான். இன்று பள்ளித் தொலைநோக்கியில் வரிசையில் நின்று அதையே நீங்களும் பார்க்கலாம். நம்மவர் கண்டுபிடித்ததும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வான்நோக்கு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி மீனைக் கண்டுபிடித்தார். வெள்ளி சூரியனைக் கடந்த 1874ஆம் ஆண்டில், அது என்ன நிகழ்ச்சி என்று சாதாரண மக்களுக்குப் புரிய இந்திய மொழிகளில் நூல் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

சிலுவைக்கு மேலே, கொஞ்சம் இடதுபுறம், பஞ்சு ஒட்டியது போல மங்கலாக ஒன்று கிடக்கும். அது ஒமேகா செண்டாரி. பழைய அட்டவணைகளில் ஒரு நட்சத்திரம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். அது சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் திரள், தூரம் 17,000 ஒளியாண்டு. பைனாகுலரில் பாருங்கள். இன்று ஒரே ஒரு பொருளைத்தான் பைனாகுலரில் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாகத் தென்கிழக்கு. தேள் ஏறி வந்துகொண்டிருக்கும். விசாகம் அதற்கு முன்னால் போகிறது. தேளின் நெற்றி அனுஷம், நெஞ்சில் சிவப்பாகத் துடிப்பது கேட்டை, கொடுக்கு மூலம். கேட்டையைக் கொண்டுபோய்ச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கி அதற்கு அப்பாலும் போகும். மூலம் தெளிவாக மேலே வர ஒன்பதரை ஆகும். மூல நட்சத்திரத்துப் பெண்ணை ஒதுக்குகிற வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஒருமுறை மாடிக்குக் கூட்டிவந்து அந்தக் கொடுக்கைக் காட்ட வேண்டும். வானத்தில் அதைவிட அழகான வளைவு இல்லை.

சில நடைமுறைகள். மாடிக்கு வந்ததும் இருபது நிமிஷம் பொறுங்கள். இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் மங்கலான மீன் தெரியும். நடுவில் யாராவது கைபேசியைத் திறந்தால் அத்தனை பேருக்கும் மறுபடி முதலிலிருந்து இருபது நிமிஷம். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டித் தருகிறோம். மங்கலானதை நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள், தெரியும். மினுக்காமல் நிலையாக எரிவது கோள். நிலா இல்லாத வாரத்தில் பாருங்கள். நட்சத்திரங்களை அடையாளம் காட்டும் செயலிகள் நல்லவைதான், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்துப் படித்தவருக்குத் திரை இல்லாத இடத்தில் வானம் தெரிவதில்லை. பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கித் தரலாமா என்று கேட்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பதின்மூன்றையும் வெறுங்கண்ணால் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் முதலில் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள்.

பஞ்சாயத்துத் தலைவரும் வந்திருக்கிறார். அவரிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். பள்ளிக்குப் பின்புறம் உள்ள தெருவில் போட்டிருக்கும் வெள்ளை எல்இடி விளக்குகள் தெருவுக்குப் பாதியும் வானத்துக்குப் பாதியுமாக எரிகின்றன. கம்பத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை, விளக்கைக் குறைக்கவும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தகர மூடி போட்டால் வெளிச்சம் தரையில் விழும், தெருவும் நன்றாகத் தெரியும், வானமும் தப்பிக்கும். இன்று ஒரு மணி நேரம் அந்த வரிசையை அணைத்து வைக்க ஒப்புக்கொண்டார், அதற்கு நன்றி. எட்டு மணிக்கு அணைப்பார்கள். பெரியவர்கள் படியில் பார்த்து ஏறுங்கள், பிள்ளைகள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போக வேண்டாம். வாருங்கள், மேலே போகலாம்.